சாதாரணமாக இருக்கிற மாதிரி முப்பத்தாறு படங்கள்

பன்னிரண்டு வயதில் நான் எடுத்த புகைப்படங்கள் முப்பத்தாறு, பிரான்சு தேசத்து அரசாங்கக் கோப்பு ஒன்றில் பத்திரமாக இருக்கின்றன. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கொஞ்ச காலம் நானே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது சொல்வதில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறையும் ஒரு சிறிய அடுப்படியும் இருந்தன, அவளுடைய ராஜ்ஜியம் அது. தாய் தகப்பன் இல்லாத பெண் என்பதால் அவளுக்கு நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் நல்ல இடம் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குணம், படிப்பு, குடும்பம் எல்லாம் அதற்குப் பிறகு வரும், வராமலும் போகும்.

சித்தப்பாவுக்கு இருந்தது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். தவளக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கு இன்றைக்கும் சொல்தா வீடு என்றுதான் பெயர். சித்தப்பா பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை செய்தார். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவில் வந்தார், தாலி கட்டினார், திரும்பிப் போனார். சித்தி மாடியிலேயே இருந்தாள். ஒரு வருடம் ஓடியது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் அவளை ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இன்னாம்மா, எப்ப பிரான்சு?"

சித்தி அங்கே போக வேண்டுமானால் இருவரும் மெய்யாகவே கணவன் மனைவியாக வாழ்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். கல்யாண ஆல்பம் மட்டும் போதாதாம். விண்ணப்பம் எழுதித் தருகிற ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். பலரைக் கப்பல் ஏற்றியவர் என்று பெயர் வாங்கியவர், அவர் காலத்தில் கப்பலே ஓடவில்லை என்றாலும். அவர்தான் அம்மாவுக்கு விளக்கினார்.

"தெனப்படி வாழ்க்கை வேணும்மா. சமைக்கிறது, சாப்புடறது, மார்க்கெட்டு போறது. பொங்கல்ல ஒண்ணு, தீவாளில ஒண்ணு. சாதாரணமா இருக்கிற மாதிரி இருக்கணும். ஸ்டுடியோக்காரன கூப்புட்டா ஸ்டுடியோ மாதிரி வரும். வூட்ல பசங்க யாரன்னா எடுத்தா வூடு மாதிரி வரும்."

வீட்டில் இருந்த 'பசங்க' நான் ஒருத்திதான். ஒரு வருடமாகச் சேர்ந்து வாழாதவர்களுக்கு ஒரு வருட வாழ்க்கையைத் தயாரித்துக் கொடுக்கிற பொறுப்பு இப்படித்தான் என் தலையில் விழுந்தது. இது பொய் என்று யாருக்குமே தோன்றவில்லை. கல்யாணம் நிஜம், தாலி நிஜம், போட்டோ மட்டும்தானே பாக்கி என்றாள் அம்மா. எங்கள் தெருவில் இப்படி எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏற்கெனவே மூன்று வீட்டில் இருந்தார்கள்.

சித்தப்பா மூன்று வார லீவில் வந்தபோது வெள்ளி நிறத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். செல்போனில் எடுத்தால் முகமும் சுவரும் ஒரே நிறமாக விழுகிற காலம் அது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு என் கையில் தந்தார். அவரை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கென்று தனியாக சாக்லேட் டப்பா வாங்கி வந்திருந்தார். என்னைக் குழந்தையாக நடத்தாமல், "போட்டோகிராபர் மேடம், இன்னிக்கி எங்க ஷூட்டிங்?" என்று கேட்பார். ஏழாம் வகுப்புப் பெண்ணை விலைக்கு வாங்க இவ்வளவு போதும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். சித்தி கட்டைப்பையில் மூன்று புடவைகளைத் திணித்து எடுத்து வந்திருந்தாள். தெரிந்தவர் கடை ஒன்றின் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வருவாள். ஒரு புடவைக்கு ஒரு மாதம் என்று கணக்கு. சித்தப்பாவுக்கு மூன்று சட்டை. முருங்கைக்காயை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் அதைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். காய்க்காரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"வாங்கறதுன்னா வாங்கு. போட்டோக்கு நிக்கிறதுன்னா பீச்சாண்ட போய் நில்லு. கத்திரிக்காய போட்டு நசுக்காத."

எல்லாரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன், நல்ல படம். ஜனவரி மாதத்துக்குப் போனது.

எனக்கோ அன்றைக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவர்கள் புடவை மாற்றி வருகிற இடைவெளிகளில் கேமராவை வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. பூக்கடைக்காரர் வாழைநாரை ஊறப்போட்டிருந்த பக்கெட்டை எடுத்தேன். ஐஸ் உருகி ஓடுகிற தரையில் ஒட்டியிருந்த மீன் செதில்களை எடுத்தேன். மூட்டை இறக்கிவிட்டு தராசு மேலேயே உட்கார்ந்து டீ குடித்த ஒருவரின் முதுகை எடுத்தேன். எத்தனையோ முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோன இடம்தான். அந்தச் சின்னத் திரையில் பார்த்தபோது ஒவ்வொன்றும் யாரோ எனக்காக அலங்கரித்து வைத்தது மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கிய மழைத்துளிகளை எடுத்தேன். மெமரி கார்டை வீணாக்குகிறாள் என்று அம்மா திட்டினாள். சித்திதான் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நம்ம வூட்டு கொடியாடி இது? எனக்கே தெரியலியே," என்றாள். "நீ பாக்கறதெல்லாம் அழகா ஆயிடுதுடி."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது வாரம் பண்டிகைகளைக் கொண்டாடினோம். ஆகஸ்டு மாதத்தில் பொங்கல் பானை வைத்தோம். சென்ற வருடத்து மிச்சமிருந்த கம்பி மத்தாப்பை மொட்டைமாடியில் கொளுத்தினோம், நமுத்துப்போனதில் பாதி எரியவே இல்லை. அப்பா தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு வந்து நின்று, "தல தீவாளி நடக்குதா? எனக்கு லட்டு இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். சித்தப்பா கேமராவுக்கு நன்றாகச் சிரிப்பார். நான் கேமராவைக் கீழே இறக்கியதும் அந்தச் சிரிப்பும் இறங்கிவிடும். வெளியூரில் தனியாக வேலை செய்கிற களைப்பு என்று அம்மா சொன்னாள். சித்தி அப்போது மணிக்கட்டு வரை வருகிற மாதிரி நீளக்கை ஜாக்கெட் போட ஆரம்பித்திருந்தாள். வேர்த்துக் கொட்டுகிற ஆகஸ்டில் இது என்ன பாஷன் என்று அம்மா கேட்டாள்.

"அங்க குளுருமேக்கா. இப்பவே பழகிக்கிறேன்."

அம்மாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தெருவில் நாலு பேரிடம் சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டே சித்தி கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரைக்கட்டின் வேர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் இங்கியே இருந்துடட்டுமா?"

"ஏரோப்ளேன்னா எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும். கண்ண மூடிக்கினு ஒக்காந்தா விடிஞ்சா பாரீசு," என்றாள் அம்மா.

சித்தி அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கையைக் கரையேற்றிவிட்டோம் என்று அவள் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்ததே அந்த வருடம்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். நான் கேமராவை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் மாடி ஏறினேன். போஸ் கொடுக்காதபோது எடுத்தால்தான் நன்றாக வருகிறது என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். சித்தி அடுப்படியில் நைட்டியோடு நின்று காபி வடிகட்டிக்கொண்டிருந்தாள், கையை மேலே சுருட்டிவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப்பக்கம் சித்தப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். காபியிலிருந்து ஆவி எழுந்தது. சன்னல் வழியாகச் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. சித்தியின் முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, நான்கு கருநீலக் கோடுகள் குறுக்காக விழுந்திருந்தன. சன்னல் கம்பியின் நிழல். எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

சத்தம் கேட்டுச் சித்தி திரும்பினாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன், கோபிக்கவில்லை. கேமராவை வாங்கிப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "அழிச்சிடாத," என்றாள்.

படங்களைக் கலர் லேபில் கொடுத்து ஒவ்வொரு பிரதி எடுத்து வந்தோம். அடுத்த நாளே சித்தப்பா கிளம்பிவிட்டார், கேமராவும் கார்டும் அவரோடு போயின. அன்று மாலை விண்ணப்பக்காரர் கூடத்தில் உட்கார்ந்து படங்களை மாதவாரியாக அடுக்கினார். வாழைநாரையும் மீன் செதிலையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அடுப்படிப் படம் வந்தபோது அம்மா அதைச் சட்டென்று தனியாக எடுத்து வைத்தாள்.

"நைட்டியோட நிக்கிறத யாரன்னா ஆபீசுக்குக் குடுப்பாங்களா? மானம் போயிடும்."

"இருக்கட்டும்க்கா," என்றாள் சித்தி. "தெனப்படி வாழ்க்கைதான கேக்குறாங்க?"

"ஒண்ணும் வாணாம்."

ஆனால் அம்மா விண்ணப்பக்காரருக்குக் காபி கொண்டுவர எழுந்து போனபோது, ஒதுக்கி வைத்த அந்தப் படத்தைச் சித்தி எடுத்துப் பழுப்பு உறைக்குள், மற்ற படங்களுக்கு நடுவில் செருகினாள். விண்ணப்பக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திக்கு என் படம் அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கூடவே வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இருப்பதிலேயே நல்ல படம் அது. இருந்தது ஒரே பிரதி. அதை யாரோ முகம் தெரியாத அதிகாரிக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும்?

போதாக்குறைக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள், ஓவியமோ கைவேலையோ போட்டோவோ எதுவானாலும் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அலமாரியிலிருந்த உறையை எடுத்தேன். அது இன்னும் ஒட்டப்படவில்லை. அடுப்படிப் படத்தை மட்டும் உருவி என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். குளித்து வந்த அப்பா உறையை ஒட்டி விசா ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனார். உள்ளே சரியாக முப்பத்தாறு படங்கள் இருந்தன. விண்ணப்பக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலிலும் முப்பத்தாறுதான்.

கண்காட்சிக்கு அதைச் சார்ட்டு தாளில் ஒட்டி, கீழே 'சன்னல் நிழல்' என்று வண்ணப் பேனாவால் தலைப்பு எழுதினேன். மூன்று நாள் பள்ளிக்கூடக் கூடத்தில் அது தொங்கியது. எத்தனையோ பேர் பார்த்தார்கள். நிழலை எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறாய் என்று ஓவிய ஆசிரியை சொன்னார். அறிவியல் ஆசிரியை நிழல் எப்படி உண்டாகிறது என்று அதைக் காட்டியே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கினார். எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கிடைத்தது. திருடிய படம் என்பதால் வீட்டில் சொல்ல முடியவில்லை. லீவு எடுக்காமல் வந்ததற்குக் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் புளுகினேன். மழைக்கு லீவு விட்ட நாட்களைத் தவிர நான் லீவு எடுக்காதவள்தான்.

விசா கிடைத்துவிட்டது. படங்களெல்லாம் ரொம்ப இயற்கையாக இருந்ததாக ஆபீசில் பேசிக்கொண்டார்களாம். விண்ணப்பக்காரர் வந்து சொன்னார், அவருக்கு யார் சொன்னார்களோ. அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "எம் பொண்ணு எடுத்த போட்டோ," என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு.

கல்லூரியில் படிக்கும்போது சொந்தமாக ஒரு செல்போன் வாங்கினேன். அதில் கேமரா நன்றாக இருந்தது. பழைய படங்களைத் திரும்ப அதே இடத்தில் எடுத்துப் பார்ப்பது என்று ஓர் ஆசை. மார்க்கெட், கொடிக்கயிறு எல்லாம் முடித்துவிட்டு, மாடி அடுப்படியில் கம்பி நிழல் விழுவதற்காகக் காலையிலிருந்து காத்திருந்தேன். பத்து மணிக்கு விழவில்லை, மதியமும் விழவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வடக்குப் பார்த்த சன்னல் அது. மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த அடுப்படிக்குள் வெயில் நுழைந்ததே கிடையாது. நான் படம் எடுத்த நாளில் ஊர் முழுக்கவே வெயில் இல்லை, மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். கீழே ஓடிப்போய்ப் பெட்டியைக் கொட்டி அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். கம்பிகள் ஏழு. சித்தியின் கையில் இருந்த கோடுகள் நான்கு, நான்கும் விரல் தடிமனில் இருந்தன.

அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்துத்தான் சித்தி சித்தப்பாவை விட்டு விலகி, அங்கேயே வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதுதான் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சித்தி என்னோடும் பேசுவாள். இன்னும் போட்டோ எடுக்கிறாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அந்தப் படத்தைப் பற்றி நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அவள் பிரான்சுக்குக் கிளம்பிய நாளில் மதியத்துக்கு மேல் வேன் வந்தது. தெருவே கூடி நின்றது. அப்பா பெட்டிகளை ஏற்றினார். வடாம் பொட்டலத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்று அம்மா இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்ட பிறகு என்னை மட்டும் மாடிப்படிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனாள்.

"மழ அன்னிக்கி அடுப்படில ஒண்ணு எடுத்தியே. அந்தப் படம் கவர்ல போச்சுல்ல?"

திருட்டு தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன்.

"போச்சு சித்தி."

"நல்லா பாத்தியா? ஒட்டும்போது உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு சித்தி. நான் பாத்தேன்."

"அப்ப அதையும் பாத்துட்டுத்தான் விசா குடுத்திருக்காங்க," என்றாள் சித்தி.

என் படத்தைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்தேன். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி வேறு.

"ஆமா சித்தி," என்றேன். "எல்லாத்துலயும் அதான் நல்ல படம்."

சித்தி தலையை ஆட்டினாள். என் தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டு, வேனில் போய் ஏறிக்கொண்டாள்.